ஜிம் கிளார்க்

ஜிம் கிளார்க் எனப் பரவலாக அறியப்படும் ஜேம்ஸ் கிளார்க் (மார்ச் 4, 1936 – ஏப்ரல் 7, 1968) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கார்ப் பந்தய ஓட்டுநர் ஆவார். 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் பார்முலா 1 உலக வாகையாளர் பட்டத்தை வென்றார். 1965 இல் ஐக்கிய அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் வென்றார். ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் வென்ற ஓட்டுநர் இவர் ஒருவரே. பார்முலா 1 இல் தன் வாழ்நாள் முழுவதும் லோட்டஸ் என்ற ஒரே அணிக்காக ஓட்டினார்.

மிக வேகமாக ஓட்டியபோதும் காரின் டயர்களையும் (உருளிப்பட்டைகள்) பிரேக்குகளையும் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேயவிட்டவர் என்று இவர் பெயர் பெற்றிருந்தார். இவருடைய வெற்றிகள் பலவற்றிலும், முக்கியமான சில தோல்விகளிலும் டயர்களுக்குப் பங்கு உண்டு. 32 ஆவது வயதில் ஹோக்கன்ஹைம் ஓடுதளத்தில் இவர் இறந்ததற்கும், பரவலாக ஏற்கப்பட்ட விளக்கத்தின்படி, காற்று இறங்கிய ஒரு பின்புற டயரே காரணம் ஆகும்.

இளமைக்காலம்

கிளார்க் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் உள்ள கில்மெனி என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் இவர் இளையவர். நான்கு தமக்கையருக்குப் பின் பிறந்த ஒரே மகன். 1942 இல் இவருடைய குடும்பம் இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பெரிக்சயர் பகுதிக்குக் குடிபெயர்ந்து, டன்ஸ் நகருக்கு அருகில் எடிங்டன் மெயின்ஸ் என்ற பண்ணையை நடத்தியது. எடின்பரோவுக்கு அருகிலுள்ள லொரெட்டோ பள்ளியில் பயின்ற கிளார்க், 16 ஆவது வயதில் படிப்பை விட்டுப் பண்ணை வேலைக்குத் திரும்பினார். ஆடு வளர்ப்பும் பயிர்த்தொழிலும் இவருக்கு இறுதிவரை விருப்பமானவையாக இருந்தன.

மகன் பந்தயங்களில் ஈடுபடுவதைக் குடும்பத்தினர் விரும்பவில்லை. ஆயினும் அப்பகுதியின் சிறு ராலிப் போட்டிகளில் தொடங்கிய ஆர்வம் வளர்ந்தது. 1956 சூன் மாதத்தில் ஸ்காட்லாந்தின் கிரைமண்ட் என்னும் இடத்தில் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார். கார் இவருடையது அன்று. நண்பர் இயன் ஸ்காட்-வாட்சனுக்குச் சொந்தமான டிகேடபிள்யூ வகைச் சிறுகார் அது.

விளையாட்டுக் கார்களில் பயிற்சி

1958 இல் 'பார்டர் ரீவர்ஸ்' என்ற உள்ளூர் அணி கிளார்க்குக்கு ஜாகுவார் டி-டைப் என்ற ஆற்றல்மிக்க விளையாட்டுக் காரை ஓட்டக் கொடுத்தது. அவ்வாண்டு யார்க்சயரின் ஃபுல் சட்டன் வானூர்தித்தளத்தில் நடைபெற்ற பந்தயத்தில் அக்காரைச் சராசரியாக மணிக்கு 100 மைல் (161 கி.மீ.) வேகத்துக்கு மேல் சுற்றிவரச் செய்தார்.

அதே ஆண்டு மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில் இவர் பங்கேற்ற பந்தயத்தில் ஆர்ச்சி ஸ்காட் பிரவுன் என்ற சக ஓட்டுநர் விபத்தில் சிக்கி இறந்தார். அன்று தொடங்கி ஸ்பா ஓடுதளத்தின் மீது கிளார்க்குக்கு ஏற்பட்ட வெறுப்பு கடைசிவரை நீங்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் அதே ஓடுதளத்தில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் (1962–1965) வென்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

1958 திசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் ஓடுதளத்தில் லோட்டஸ் எலைட் என்ற சிறிய விளையாட்டுக் காரை ஓட்டி இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் லோட்டஸ் நிறுவனத்தின் நிறுவனரும் வடிவமைப்பாளருமான கொலின் சாப்மன். அனுபவம் குறைந்த இளைஞன் ஒருவன் அதே வகைக் காரில் தன்னை விடாமல் நெருங்கி வந்ததைக் கண்ட சாப்மன், கிளார்க்கை மறவாமல் மனத்தில் இருத்திக்கொண்டார். இவர்களுடைய பத்தாண்டுக் கூட்டுறவு இங்கேயே தொடங்கியது எனலாம்.

பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் கிளார்க் மூன்று முறை பங்கேற்றார். 1959 இல் லோட்டஸ் எலைட் காரில் பத்தாவது இடமும், 1960 இல் ராய் சல்வடோரியுடன் ஆஸ்டன் மார்ட்டின் காரில் மூன்றாவது இடமும் பெற்றார். ஓர் இரவும் பகலும் ஓடவேண்டிய இத்தகைய பந்தயங்களில் ஒரு சுற்றின் வேகத்தைவிட, எரிபொருளையும் பிரேக்குகளையும் டயர்களையும் கடைசிவரை காப்பாற்றும் திறனே மிகுதியாகத் தேவைப்படும்.

பார்முலா 1 நுழைவு

1960 சூன் 6 அன்று நெதர்லாந்தின் சான்ட்வோர்ட் ஓடுதளத்தில் கிளார்க் தன் முதல் பார்முலா 1 பந்தயத்தை ஓட்டினார். இரு வாரங்களுக்குள் ஸ்பாவில் நடந்த பெல்ஜியப் பந்தயத்தில் ஐந்தாவது இடம் பெற்று முதல் புள்ளிகளை ஈட்டினார். ஆனால் அந்நாளில் கிறிஸ் பிரிஸ்டோ, லோட்டஸ் அணித்தோழர் ஆலன் ஸ்டேசி ஆகிய இருவரும் உயிரிழந்தனர். பயிற்சியின்போது ஸ்டர்லிங் மோசின் லோட்டஸ் காரிலிருந்து சக்கரம் ஒன்று கழன்று அவர் படுகாயமுற்றார். சாப்மனின் கார்கள் எடை குறைந்தவை, வேகமானவை. அதே வேளையில் எளிதில் முறியக்கூடியவை என்ற பெயர் அவற்றுக்கு இருந்தது.

1961 செப்டம்பரில் இத்தாலியின் மொன்சா ஓடுதளத்தில் கிளார்க்கின் காரும் செருமானிய ஓட்டுநர் வொல்ப்காங் வான் டிரிப்சின் காரும் மோதிக்கொண்டன. வான் டிரிப்சும் பார்வையாளர் 15 பேரும் இறந்தனர். இந்நிகழ்வு கிளார்க்கைப் பெரிதும் பாதித்தது.

ஓட்டும் முறையும் டயர்களும்

கிளார்க்கின் ஓட்டும் முறையைப் புரிந்துகொள்ளப் பந்தயக் காரின் டயர் எவ்வாறு செயற்படுகிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

ஓடும் காரைத் தரையோடு இணைப்பவை நான்கு டயர்களின் சிறிய தொடுபரப்புகள் மட்டுமே. முடுக்குதல், நிறுத்துதல், திருப்புதல் ஆகிய மூன்றுக்கும் தேவையான பிடிப்பு இவற்றிலிருந்தே கிடைக்க வேண்டும். ஒரு டயரால் தரக்கூடிய மொத்தப் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. பிரேக் பிடிக்க அதன் பெரும்பகுதியைச் செலவிட்டால் திருப்புவதற்கு எஞ்சுவது குறைவே. மேலும், பிரேக் பிடிக்கும்போது காரின் சுமை முன் டயர்களுக்கும், திரும்பும்போது வெளிப்பக்க டயர்களுக்கும் மாறுகிறது. சுமை திடீரென மாறினால் டயர் தன் எல்லையைக் கடந்து சறுக்கத் தொடங்கும். சறுக்கல் உராய்வையும், உராய்வு வெப்பத்தையும் உண்டாக்கும்.

வெப்பம் ஓரளவு தேவையானதே. பந்தய டயரின் இரப்பர் குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டிய பின்னரே முழுப் பிடிப்பைத் தரும். அதைத் தாண்டினால் இரப்பர் மிகையாக இளகிப் பிடிப்பை இழக்கும். மேற்பரப்பு கொப்புளித்துத் துண்டுகளாகப் பெயரவும் கூடும். ஆகவே, டயரைப் போதிய சூட்டில் வைத்திருப்பதும் அதற்கு மேல் போகாமல் காப்பதும் ஓட்டுநரின் பணியாகும்.

கிளார்க் இதனைத் தன் இயல்பான மென்மையால் செய்தார். பிரேக்கை ஒரேயடியாக விட்டுவிடாமல், வளைவுக்குள் செல்லச் செல்ல மெல்லத் தளர்த்துவார். நேராக நிறுத்தும் விசை குறையும் அளவுக்கே பக்கவாட்டு விசை கூடும். டயரின் மொத்தச் சுமை சீராக இருக்கும். சுக்கானை (ஸ்டியரிங்) வெடுக்கென்று திருப்பமாட்டார். பார்ப்பவர்களுக்கு அவர் மெதுவாக ஓட்டுவது போலத் தோன்றும்; நேரக்கணிப்போ அதற்கு மாறாக இருக்கும். பந்தயம் முடிந்தபின் அவருடைய காரின் பிரேக் கட்டைகளும் டயர்களும் அணித்தோழர்களின் கார்களில் உள்ளவற்றைவிடக் குறைவாகத் தேய்ந்திருந்ததை லோட்டஸ் இயந்திரவினைஞர்கள் கவனித்துள்ளனர்.

காரும் இதற்கு உதவியது. 1962 இல் சாப்மன் அறிமுகப்படுத்திய லோட்டஸ் 25, குழாய்ச் சட்டகத்துக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகடுகளால் ஆன ஒற்றைக்கூடு உடலைக் கொண்டது. அன்றைய விதிப்படி குறைந்தபட்ச எடை 450 கிலோகிராம் மட்டுமே. எடை குறைந்த காரில் டயர்களின் சுமையும் குறைவு. அக்காலப் பார்முலா 1 பந்தயங்களில் இடையில் டயர் மாற்றும் வழக்கம் இல்லை. ஒரே தொகுதி டயர்களால் பந்தயம் முழுவதையும் ஓட்டினர். 1960களின் முற்பகுதியில் ஏறத்தாழ எல்லா அணிகளும் டன்லப் நிறுவனத்தின் வரிப்பள்ளம் கொண்ட குறுகிய டயர்களையே பயன்படுத்தின. எனவே டயரைப் பொறுத்தவரை ஓட்டுநர்களுக்கிடையே இருந்த வேறுபாடு பெரும்பாலும் அதனைக் கையாளும் விதத்திலேயே இருந்தது.

இம்முறையில் ஒரு குறையும் இருந்தது. காரில் உள்ள குறையை உணராமலேயே தன் ஓட்டும் முறையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் வல்லமை கிளார்க்குக்கு இருந்தது. இதனால் சோதனை ஓட்டங்களில் காரின் அமைப்பில் எதை மாற்றவேண்டும் என்பதை இவரிடமிருந்து அறிவது சில வேளைகளில் பொறியாளர்களுக்குக் கடினமாயிற்று.

நூர்பர்க்ரிங், 1962

1962 மே மாதம் செருமனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் நடந்த 1000 கிலோமீட்டர் விளையாட்டுக் கார்ப் பந்தயத்தில் கிளார்க் லோட்டஸ் 23 என்ற புதிய காரை ஓட்டினார். அதன் பொறி 1.5 லிட்டர் கொள்ளளவே கொண்டது. பெராரி, போர்சே, ஆஸ்டன் மார்ட்டின் முதலிய பெரிய கார்கள் போட்டியில் இருந்தன. தொடக்கத்தில் ஓடுதளம் ஈரமாக இருந்தது. ஏறத்தாழ 23 கி.மீ. நீளமுள்ள முதல் சுற்றின் முடிவில் கிளார்க் 27 நொடிகள் முன்னிலை பெற்றிருந்தார்.

ஈரத்தரையில் பெரிய பொறியின் ஆற்றலை டயர்கள் தரைக்குக் கடத்த முடிவதில்லை. சக்கரம் வீணே சுழலும். எடை குறைந்த சிறிய காருக்கு அத்தொல்லை குறைவு. மென்மையான ஓட்டமும் சேர்ந்துகொண்டபோது சிறிய காரே வேகமான கார் ஆயிற்று. தரை உலர உலரப் பெரிய கார்கள் நெருங்கின. பின்னர் புகைபோக்கியிலிருந்து கசிந்த நச்சுப்புகையால் கிளார்க் மயக்கமுற்ற நிலையில் கார் தடம் விலகிப் பந்தயத்தை இழந்தார்.

அடுத்த மாதம் லெ மான் பந்தயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட லோட்டஸ் 23 கார்களைத் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் ஏற்க மறுத்தனர். முன்சக்கரங்கள் நான்கு திருகாணிகளாலும் பின்சக்கரங்கள் ஆறு திருகாணிகளாலும் பொருத்தப்பட்டிருந்தன. காரில் எடுத்துச் செல்லும் ஒரே மாற்றுச் சக்கரம் இரு பக்கங்களுக்கும் பொருந்தாது என்பது மறுப்புக்குக் காரணம். லோட்டஸ் அணியினர் விரைந்து நான்கு திருகாணிப் பின்சக்கரங்களைச் செய்வித்துப் பொருத்தினர். ஆறு தேவை என வடிவமைக்கப்பட்ட இடத்தில் நான்கு எவ்வாறு பாதுகாப்பாகும் என்று கேட்டு ஆய்வாளர்கள் மீண்டும் மறுத்தனர். சினமுற்ற சாப்மன், தன் அணி இனி லெ மான் பந்தயத்துக்கு வராது என அறிவித்தார். தன் வாழ்நாளில் அச்சொல்லைக் காத்தார். கிளார்க்கும் அதன்பின் அங்கு ஓட்டவில்லை.

உலக வாகையாளர்

1962 சூன் 17 அன்று ஸ்பாவில் கிளார்க் தன் முதல் பார்முலா 1 வெற்றியைப் பெற்றார். அவ்வாண்டின் இறுதிப் பந்தயத்தில் தென்னாப்பிரிக்காவில் முன்னிலையில் இருந்தபோது எண்ணெய்க் கசிவால் விலக நேர்ந்தது. பட்டம் கிரகாம் ஹில்லுக்குச் சென்றது.

1963 இல் 10 பந்தயங்களில் 7 ஐ வென்று முதன்முறையாக உலக வாகையாளர் ஆனார். அவ்வாண்டு ஸ்பாவில் எட்டாவது இடத்திலிருந்து தொடங்கி, கொட்டும் மழையில் இரண்டாமிடம் பெற்ற புரூஸ் மெக்லாரனைவிட ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் முன்னதாக முடித்தார். 1964 இலும் கடைசிப் பந்தயத்தின் இறுதிக்கட்டத்தில் எண்ணெய்க் கசிவு பட்டத்தைப் பறித்தது. அதே ஆண்டு லோட்டஸ் கார்ட்டினா காரில் பிரித்தானியச் சலூன் கார் வாகையாளர் பட்டத்தை வென்றார். வளைவுகளில் உட்பக்க முன்சக்கரம் தரையைவிட்டு எழும்ப, மூன்று சக்கரங்களில் அக்கார் செல்லும் காட்சி இரசிகர்களிடையே புகழ்பெற்றது.

1965 இல் ஆறு பந்தயங்களை வென்று இரண்டாம் முறை பட்டம் பெற்றார். அவ்வாண்டு சில்வர்ஸ்டோனில் எண்ணெய் அழுத்தம் குறைந்தபோது, வளைவுகளில் பொறியை நிறுத்திக் காரை உருளவிட்டு, நேர்ப்பாதைகளில் மட்டும் இயக்கி வென்றது இவருடைய இயந்திரப் பரிவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இன்டியானாபொலிஸ்

கிளார்க்கின் வாழ்வில் டயர் தேர்வின் விளைவுகள் மிகத் தெளிவாக வெளிப்பட்டது இன்டியானாபொலிஸ் 500 பந்தயத்திலாகும். 2.5 மைல் நீள்வட்ட ஓடுதளத்தை 200 முறை சுற்றவேண்டும். எல்லாத் திருப்பங்களும் இடப்பக்கமே ஆதலால் வலப்பக்க டயர்கள் தொடர்ந்து பெருஞ்சுமையைத் தாங்குகின்றன.

1963 இல் ஃபோர்டு நிறுவனத்தின் ஆதரவோடு பொறி பின்புறம் அமைந்த லோட்டஸ் கார்கள் அங்கு வந்தன. பொறி முன்புறம் உள்ள அமெரிக்கக் கார்களைவிட அவை எடை குறைந்தவை. அவற்றுக்காக ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 15 அங்குலச் சக்கரங்களுக்கான அகன்ற டயர்களைத் தயாரித்தது. தங்களுக்கும் அவை வேண்டும் என்று பிற அணியினர் வற்புறுத்தினர். எடை குறைவால் எரிபொருளும் டயரும் நீடிக்கும் என்ற கணக்கில் கிளார்க் ஒரே ஒரு முறை மட்டும் நின்றார். முதல் முயற்சியிலேயே பார்னெல்லி ஜோன்சுக்கு அடுத்து இரண்டாமிடம் பெற்றார்.

1964 இல் லோட்டஸ் அணி டன்லப் டயர்களைத் தேர்ந்தெடுத்தது. தகுதிச் சுற்றில் அவை சிறந்த பிடிப்பைத் தந்தன. கிளார்க் மணிக்கு 158.828 மைல் (சுமார் 255.6 கி.மீ.) சராசரி வேகத்தில் முதலிடம் பெற்றார். தகுதிச் சுற்று நான்கு சுற்றுகளே கொண்டது. பந்தயமோ 200 சுற்றுகள். பந்தயத்தில் நீடித்த வேகமும் வெப்பமும் சேர்ந்தபோது டயரின் மேற்பரப்பு துண்டு துண்டாகப் பெயர்ந்தது. சமநிலை இழந்த சக்கரத்தின் கடும் அதிர்வால் 47 ஆவது சுற்றில் காரின் பின்புறச் சஸ்பென்ஷன் முறிந்தது. கிளார்க் காரைப் பத்திரமாக நிறுத்தினார். அணித்தோழர் டான் கர்னியின் டயர்களிலும் அதே சேதம் காணப்பட்டதால் சாப்மன் அவரையும் விலக்கிக்கொண்டார்.

எவ்வளவு மென்மையாக ஓட்டினாலும், அப்பந்தயத்துக்குப் பொருந்தாத டயரை ஓட்டுநரால் காப்பாற்ற முடியாது என்பதை இப்பந்தயம் காட்டியது. ஒரு சுற்றில் வேகம் தரும் டயரும், நெடுந்தொலைவு தாங்கும் டயரும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

1965 இல் அணி ஃபயர்ஸ்டோன் டயர்களுக்குத் திரும்பியது. மே 31 அன்று நடைபெற்ற பந்தயத்துக்காகக் கிளார்க் மொனாக்கோ பார்முலா 1 பந்தயத்தைக் கைவிட்டார். 200 சுற்றுகளில் 190 ஐ முன்னிலையில் ஓட்டி, மணிக்கு 150.686 மைல் (சுமார் 242.5 கி.மீ.) சராசரி வேகத்தில் வென்றார். 150 மைலுக்கு மேற்பட்ட சராசரியில் அப்பந்தயம் வெல்லப்பட்டது அதுவே முதன்முறை. பொறி பின்புறம் அமைந்த கார் ஒன்று அங்கு வென்றதும் அதுவே முதன்முறை.

1966–1968

1966 இல் பார்முலா 1 பொறிகளின் கொள்ளளவு 1.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராக உயர்த்தப்பட்டது. ஆற்றல் பெருகியதால் டயர்களும் ஆண்டுதோறும் அகன்றன. குட்இயர், ஃபயர்ஸ்டோன் ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் வரவால் டயர் போட்டி சூடுபிடித்தது. லோட்டஸ் அணி ஃபயர்ஸ்டோன் டயர்களைப் பயன்படுத்தியது. அவ்வாண்டு கிளார்க்குக்கு ஒரே ஒரு வெற்றியே கிடைத்தது.

1967 சூன் 4 அன்று, காஸ்வொர்த் டிஎப்வி பொறி கொண்ட லோட்டஸ் 49 தன் முதல் பந்தயத்திலேயே கிளார்க்கின் கையில் வென்றது. அவ்வாண்டு செப்டம்பரில் மொன்சாவில் கிளார்க் ஓட்டிய ஓட்டம் அவருடைய ஆகச்சிறந்த ஓட்டங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. முன்னணியில் இருந்தபோது டயர் ஒன்றில் காற்று இறங்கியதால் சக்கரத்தை மாற்ற நின்றார். ஒரு முழுச்சுற்று பின்தங்கினார். பின்னர் அச்சுற்றை மீட்டு, ஒவ்வொருவராகக் கடந்து, மீண்டும் முதலிடத்தையே பிடித்தார். கடைசிச் சுற்றில் பொறிக்கு எரிபொருள் போதாமல் போக, மூன்றாமிடமே கிடைத்தது. அடுத்த மாதம் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென்னில் பின்புறச் சஸ்பென்ஷன் உடைந்து ஒரு சக்கரம் சாய்ந்த நிலையில் இறுதிச் சுற்றுகளை ஓட்டி வென்றார்.

1968 சனவரி 1 அன்று தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் 25 ஆவது வெற்றியைப் பெற்று, யுவான் மனுவல் ஃபாங்கியோவின் 24 வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்தார். அதுவே அவருடைய கடைசிப் பார்முலா 1 பந்தயம் ஆயிற்று.

ஹோக்கன்ஹைம் விபத்து

1968 ஏப்ரல் 7 அன்று மேற்கு செருமனியின் ஹோக்கன்ஹைம் ஓடுதளத்தில் நடந்த பார்முலா 2 பந்தயத்தில் கிளார்க் லோட்டஸ் 48 காரை ஓட்டினார். ஓடுதளம் ஈரமாக இருந்தது. முதற்பகுதிப் பந்தயத்தின் ஐந்தாவது சுற்றில், அடர்ந்த காட்டின் நடுவே செல்லும் அதிவேகப் பகுதியில் கார் தடம் விலகி மரங்களில் மோதியது. அங்கே தடுப்பு வேலிகள் இல்லை. கிளார்க் உயிரிழந்தார். அருகில் வேறு கார்கள் இல்லை. நேரில் கண்டோர் மிகச் சிலரே.

கிளார்க் காரணமின்றித் தவறு செய்யக்கூடியவர் அல்லர் என்பது சக ஓட்டுநர்களின் உறுதியான கருத்தாக இருந்தது. சிதைவுகள் ஆராயப்பட்டன. காரணம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை; எனினும் பின்புற டயர் ஒன்றில் காற்று மெல்ல இறங்கியதே காரணம் என்பது பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கமாகும்.

இவ்விளக்கத்தின்படி நிகழ்ந்தது வருமாறு: அதிவேகமாகச் சுழலும் டயரை மையவிலக்கு விசை வெளிநோக்கி இழுப்பதால், காற்றழுத்தம் குறைந்தபோதும் நேர்ப்பாதையில் அது தன் வடிவத்தை ஓரளவு காத்துக்கொள்கிறது. ஓட்டுநருக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரிவதில்லை. பாதை சற்று வளையும்போது பக்கவாட்டு விசை உண்டாகிறது. டயரின் விளிம்பைச் சக்கர வளையத்தோடு அழுத்திப் பிடிக்கப் போதிய காற்றழுத்தம் இல்லாமையால் விளிம்பு வளையத்தைவிட்டு நழுவுகிறது. அந்நொடியே அச்சக்கரத்தின் பிடிப்பு முழுவதும் போய்விடுகிறது. மெல்லிய மாற்றங்களையும் கைகளால் உணர்ந்து ஈடுசெய்யும் ஓட்டுநரே ஆயினும், உணர்வதற்கு எதுவும் இல்லாத நிலையில் ஈடுசெய்ய முடியாது.

கிளார்க் பெரிக்சயரின் சர்ன்சைடு தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறையில் உழவர் என்ற சொல் முதலிலும், உலக வாகையாளர் என்பது அதற்கு அடுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வாண்டின் உலக வாகையாளர் பட்டத்தை அவருடைய அணித்தோழர் கிரகாம் ஹில் வென்றார்.

தாக்கம்

கிளார்க்கின் இறப்பு, தாங்கள் எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் பாதுகாப்பு இல்லை என்ற உணர்வைச் சக ஓட்டுநர்களிடையே ஏற்படுத்தியது. அவருடைய நண்பரும் ஸ்காட்லாந்து நாட்டவருமான ஜாக்கி ஸ்டூவர்ட் ஏற்கெனவே முன்னெடுத்துவந்த பாதுகாப்பு இயக்கம் இதனால் வலுப்பெற்றது. ஹோக்கன்ஹைமில் பின்னர் தடுப்பு வேலிகளும் வேகத்தைக் குறைக்கும் வளைவுகளும் அமைக்கப்பட்டன. 2002 இல் அவ்வோடுதளம் சுருக்கப்பட்டபோது காட்டினூடே சென்ற நீண்ட பகுதி நீக்கப்பட்டது.

இன்று பார்முலா 1 கார்களின் சக்கரங்களில் உள்ள அழுத்த உணரிகள் காற்றுக்கசிவை உடனே பொறியாளர்களுக்குத் தெரிவிக்கின்றன. சொந்த விளையாட்டுக் காரை ஓடுதளத்தில் ஓட்டிப் பழகுவோருக்கும் கிளார்க்கின் வரலாறு பொருந்துவதே. டயரின் காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையிலும், ஓட்டி முடித்த சூட்டிலும் அளந்து குறித்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். சூடேறும்போது அழுத்தம் கூடும் என்பதால் ஒரு சக்கரத்தில் மட்டும் கூடாமல் இருப்பது கசிவின் அறிகுறியாகும். மேற்பரப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிட மிகுதியாகச் சூடேறினால் காற்று அதிகம் என்றும், ஓரங்கள் இரண்டும் மிகுதியாகச் சூடேறினால் காற்று குறைவு என்றும் பொதுவாகக் கொள்வர். வெட்டு, கொப்புளம், பதிந்த ஆணி ஆகியவற்றை ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் கண்ணாலும் கையாலும் தேடவேண்டும். அவற்றைச் சுக்கானின் வழியே முன்கூட்டி உணர முடியும் என்று நம்பியிருக்கக்கூடாது.

நினைவுச் சின்னங்கள்

டன்ஸ் நகரில் 1969 இல் கிளார்க்கின் வெற்றிக் கோப்பைகளைக் கொண்ட நினைவறை திறக்கப்பட்டது. 2019 இல் அதன் இடத்தில் விரிவான அருங்காட்சியகம் ஒன்று அமைந்தது. ஹோக்கன்ஹைமில் அவருக்கு நினைவுக்கல் உள்ளது.

சாதனைச் சுருக்கம்

- பார்முலா 1 உலக வாகையாளர்: 1963, 1965
- பார்முலா 1 பந்தயங்கள்: 72, வெற்றிகள்: 25
- தகுதிச் சுற்றில் முதலிடம்: 33 முறை
- அதிவேகச் சுற்று: 28 முறை
- இரண்டாமிடம்: ஒரே ஒரு முறை (செருமனி, 1963)
- தகுதிச் சுற்றில் முதலிடம், அதிவேகச் சுற்று, எல்லாச் சுற்றுகளிலும் முன்னிலை, வெற்றி ஆகிய நான்கையும் ஒரே பந்தயத்தில் பெற்றமை: 8 முறை (2024 ஆம் ஆண்டின் முடிவுவரை எவரும் இதனைக் கடக்கவில்லை)
- இன்டியானாபொலிஸ் 500 வெற்றி: 1965
- பிரித்தானியச் சலூன் கார் வாகையாளர்: 1964
- டாஸ்மன் தொடர் வாகையாளர்: 1965, 1967, 1968